ஆழ்ந்த படிவுப் பாறைகளின் வெந்நீரில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமிக்கடியில் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் தங்கியிருக்கும் வெந்நீரைக் கொண்டு கட்டடங்களையும் பசுமைக்குடில்களையும் சூடேற்றும் திட்டங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அங்கே எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அதற்கு ஓர் எண்ணைச் சொன்னதும் அடுத்தடுத்து எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனித்து, கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்குகளைத் தொடர்ந்து பார்க்க வசதியாக, முழுவதும் ஒரே எடுத்துக்காட்டுப் படுகையை, அதாவது நீர் தங்கியிருக்கும் பாறை அடுக்கை (நீர்த்தாங்கியை), பயன்படுத்துகிறேன்: 2 கிலோமீட்டர் ஆழம், 50 மீட்டர் கனம், 75 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, 20 விழுக்காடு நுண்துளை கொண்ட மணற்கல். இது கணக்குக்காக அமைத்துக்கொண்டது. ஆனால் இத்தகைய அளவுகள் உண்மையான படுகைகளில் காணப்படுபவையே.

எரிமலையே இல்லாத இடத்தில் பூமிக்கடியில் வெந்நீர் எப்படி வந்தது?

புவியின் உட்பகுதியிலிருந்து மேற்பரப்பை நோக்கி வெப்பம் எல்லா இடங்களிலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி புவி உருவான காலத்திலேயே உள்ளே தங்கிவிட்டது. மற்றது யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இன்றும் உண்டாவது. கண்டப் பகுதிகளில் இந்த வெப்ப ஓட்டம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட் அளவில் இருக்கிறது. பாறை வழியே வெப்பம் நகர வேண்டுமானால் கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் இருந்தாக வேண்டும். ஆகவே ஆழம் கூடக்கூட வெப்பநிலை, பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை, உயர்கிறது.

எனவே எரிமலை தேவையில்லை. பாரிஸ் நகரத்தின் அடியில் எரிமலை எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே 1,500 முதல் 2,000 மீட்டர் ஆழத்திலுள்ள டாகர் சுண்ணாம்புக்கல்லில் 55 முதல் 85 டிகிரி வரை சூடான நீர் இருக்கிறது. ஹங்கேரியின் பன்னோனியப் படுகையில் புவியின் மேலோடு நீண்டு மெலிந்துவிட்டதால் இந்த ஏற்றம் கிலோமீட்டருக்கு 45 டிகிரியை ஒட்டியும் காணப்படுகிறது.

நீர்த்தாங்கி என்றால் பூமிக்குள் ஏரி மாதிரி ஒன்றா?

இல்லை. ஆழ்துளையிலிருந்து எடுத்த மணற்கல்லின் ஆய்வக மாதிரி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். 38 மில்லிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட அந்த உருளை கெட்டியான கல்தான். விரலால் தேய்த்தால் ஓரிரு மணல் துகள்கள் உதிரலாம், அவ்வளவே. ஆனால் உலர்ந்த முகத்தில் ஒரு சொட்டு நீரை விட்டால் அது வழிந்தோடாமல் கண்ணெதிரே உள்ளே இறங்கிவிடும். 20 விழுக்காடு நுண்துளை என்றால் அந்தச் சிறு கல்லுக்குள் சுமார் 11 மில்லிலிட்டர் நீர் அடங்கும்.

அந்தத் துளைகளின் மொத்த அளவை நுண்துளைமை என்றும், அவை ஒன்றோடொன்று இணைந்து நீரை நகரவிடும் தன்மையை ஊடுருவுதிறன் என்றும் சொல்கிறோம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் பின்னால் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். களிப்பாறையிலும் நுண்துளைகள் நிறைய உண்டு. ஆனால் அதிலிருந்து நீர் வராது.

அங்கே இருக்கிற மொத்த வெப்பத்தை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

இதற்குப் பருமன் முறை என்று பெயர். முஃப்லர், கட்டால்டி ஆகிய இருவர் 1978இல் இதை முறைப்படுத்தி எழுதினார்கள். இன்றும் வட்டார அளவிலான மதிப்பீடுகள் பெரும்பாலும் இதைத்தான் அடித்தளமாகக் கொள்கின்றன. படுகையின் பருமனை, ஒரு கன மீட்டர் பாறையும் அதனுள் இருக்கும் நீரும் சேர்ந்து ஒரு டிகிரிக்குத் தாங்கும் வெப்பத்தால் பெருக்கி, பிறகு படுகையின் வெப்பநிலைக்கும் ஓர் அடிப்படை வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டால் பருமன் 5 கோடி கன மீட்டர். நீர் ஒரு கன மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 4.1 மெகாஜூல் வெப்பத்தையும், மணல் துகள்கள் 2.25 மெகாஜூலையும் தாங்கும். 20 விழுக்காடு நீர், 80 விழுக்காடு துகள் என்று சேர்த்தால் 2.62 மெகாஜூல் கிடைக்கும். அடிப்படை வெப்பநிலை 15 டிகிரி எனில் வேறுபாடு 60 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் 786 கோடி மெகாஜூல், அதாவது சுமார் 7.9 பீட்டாஜூல். மூன்று பெருக்கல்களில் முடிந்துவிடும் இந்தக் கணக்கின் எளிமையே இதன் வலிமையும் ஆபத்தும் ஆகும்.

நீரைத்தானே மேலே எடுக்கப் போகிறோம்? பாறையின் வெப்பத்தை ஏன் சேர்க்கிறீர்கள்?

மேற்கண்ட 2.62 மெகாஜூலில் நீரின் பங்கு 0.82 மட்டுமே, மீதி 1.8, ஏறத்தாழ 69 விழுக்காடு, கல்லில் இருக்கிறது. நீரை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்வதாக இருந்தால் கல்லின் வெப்பத்தைச் சேர்ப்பது தவறாகிவிடும். ஆனால் இத்தகைய திட்டங்களில் ஒரு கிணற்றிலிருந்து நீரை எடுத்து, வெப்பத்தைப் பிரித்துக்கொண்டு, ஆறிய நீரை இன்னொரு கிணற்றின் வழியாக அதே படுகைக்குள் திரும்பச் செலுத்துகிறார்கள். ஆறிய நீர் கல்லின் ஊடே நகரும்போது துகள்களிடமிருந்து வெப்பத்தை வாங்கிச் சூடாகிறது. துகள்கள் மிகச் சிறியவை என்பதால் இந்தக் கைமாற்றம் உடனுக்குடன் நடந்துவிடும். இரட்டைக் கிணறு என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு பாரிஸ் படுகையில், மெலுன் என்ற ஊரில், 1969இல் முதன்முதலாக நிறுவப்பட்டது.

அந்த 15 டிகிரி எங்கிருந்து வந்தது?

அது ஒரு மரபு: அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரித் தரை வெப்பநிலை. சிலர் அதற்குப் பதிலாகத் திரும்பச் செலுத்தும் நீரின் வெப்பநிலையை வைப்பார்கள். 15க்குப் பதில் 35 என்று வைத்தால் நம் 7.9 பீட்டாஜூல் ஒரே நொடியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து 5.2 ஆகிவிடும், பாறையில் எதுவும் மாறவில்லை. அடிப்படை வெப்பநிலையைக் குறிப்பிடாத எந்த எண்ணையும் மற்றோர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மொத்தத்தில் எவ்வளவை வெளியே எடுக்க முடியும்?

மொத்த வெப்பத்தை மீட்பு விகிதம் என்ற எண்ணால் பெருக்குகிறார்கள். ஐரோப்பிய நாடுகளின் புவிவெப்ப வளங்களைத் தொகுத்து 2002இல் வெளிவந்த வரைபடத் தொகுப்பில், இரட்டைக் கிணறுகளுக்கு இந்த விகிதம் பின்வருமாறு எடுக்கப்பட்டது: படுகையின் வெப்பநிலையிலிருந்து திரும்பச் செலுத்தும் வெப்பநிலையைக் கழித்து, அதை, படுகையின் வெப்பநிலைக்கும் தரை வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, 0.33ஆல் பெருக்குவது. திரும்பச் செலுத்தாமல் ஒற்றைக் கிணற்றிலிருந்து எடுப்பதானால் 0.1 மட்டுமே.

நம் படுகையில் 35 டிகிரியில் திரும்பச் செலுத்தினால் 40ஐ 60ஆல் வகுத்து 0.33ஆல் பெருக்க, 0.22 வருகிறது. ஆக, 7.9 பீட்டாஜூலில் கைக்கு வருவது சுமார் 1.7. இதை 30 ஆண்டுகளுக்குச் சீராகப் பரப்பினால் சதுர கிலோமீட்டருக்கு 1.8 மெகாவாட் வெப்பம். செய்திகளில் வரும் பிரம்மாண்டமான எண்கள் பெரும்பாலும் இந்தப் பெருக்கலுக்கு முந்தைய நிலையைச் சேர்ந்தவை.

0.33 என்பது எல்லாப் பாறைக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அது சீரான, எங்கும் நுண்துளை கொண்ட ஒரு படுகையில் இரட்டைக் கிணறுகள் நீண்டகாலம் இயங்கும்போது ஆறிய நீர் எவ்வளவு பகுதியைத் துழாவிச் செல்லும் என்ற கணக்கிலிருந்து பிறந்த எண். வட்டார வரைபடம் வரைவதற்கு அது போதும். விரிசல்கள் வழியாக மட்டுமே நீர் ஓடும் சுண்ணாம்புக்கல்லில் ஆறிய நீர் சில தடங்களில் விரைந்து ஓடிவிடும். இடையிலுள்ள பெரிய பாறைக் கட்டிகளின் நடுவிலிருக்கும் வெப்பம் வெளிவருவதற்குள் கிணறே குளிர்ந்துவிடக்கூடும். அங்கே இந்த விகிதத்தை அப்படியே போடுவது மிகைமதிப்பீடு.

வெப்பம் இவ்வளவு இருக்கிறதே, ஒரு கிணறு தோண்டினால் எத்தனை மெகாவாட் வரும்?

இங்கேதான் கேள்வியே மாறுகிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கிணற்றின் ஆற்றல் என்பது நீரோட்ட அளவு, நீரின் வெப்ப ஏற்பு (ஒரு டிகிரிக்கு அது தாங்கும் வெப்பம்), வெப்பநிலை வேறுபாடு ஆகிய மூன்றின் பெருக்கல். மணிக்கு 150 கன மீட்டர் நீரை 75 டிகிரியில் எடுத்து 35 டிகிரியில் திரும்பச் செலுத்தினால் சுமார் 6.8 மெகாவாட் கிடைக்கும். மூனிக் அருகே உன்டர்ஹாகிங் என்ற இடத்தில் 2004இல் தோண்டிய கிணற்றில், 3,350 மீட்டர் ஆழத்தில், 122 டிகிரி நீர் நொடிக்கு 150 லிட்டர் வந்தது. அதை 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் 37 மெகாவாட் என்று இதே கணக்கு சொல்கிறது.

ஆனால் மணிக்கு 150 கன மீட்டர் வருமா என்பதைத் தீர்மானிப்பது வெப்பம் அல்ல. ஊடுருவுதிறனையும் படுகையின் கனத்தையும் பெருக்கிக் கிடைக்கும் எண். நம் 50 மீட்டர் படுகையின் ஊடுருவுதிறன் 300 மில்லிடார்சி (ஊடுருவுதிறனை அளக்கும் அலகு) என்றால், இரு கிணறுகளும் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும்போது, எடுப்புக் கிணற்றில் அந்த ஓட்டத்துக்கு ஏறத்தாழ 21 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) அழுத்தக் குறைவு தேவைப்படும். அது பம்பு எளிதாகச் செய்யக்கூடிய வேலை. அதே படுகையில், அதே வெப்பநிலையில், ஊடுருவுதிறன் 30 மில்லிடார்சி மட்டும் என்றால் 210 பார் தேவை. 2 கிலோமீட்டர் ஆழத்தில் நீரழுத்தமே ஏறத்தாழ 200 பார்தான் என்பதால் அது நடக்காத காரியம். இந்த இரண்டு படுகைகளுக்கும் மொத்த வெப்பக் கணக்கு ஒரே விடையைத் தருகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்: இரண்டிலும் 7.9 பீட்டாஜூல். ஒன்று வளம், மற்றது வெறும் சூடான கல்.

அப்படியானால் ஊடுருவுதிறனைக் கல் துண்டை வைத்து ஆய்வகத்திலேயே அளந்துவிடலாமே?

அளக்கிறோம், ஆனால் அது மட்டும் போதாது. மேலே சொன்ன 5 சென்டிமீட்டர் உருளை, கிணற்றைச் சுற்றிப் பல நூறு மீட்டர் பரப்பில் இருக்கும் பாறைக்குச் சாட்சி சொல்ல முடியாது. ஒரே மணற்கல்லில் நுண்துளை 15இலிருந்து 20 விழுக்காடாக உயரும்போது ஊடுருவுதிறன் பத்து மடங்கு கூடுவது உண்டு. இன்னொரு தொல்லையும் உண்டு: உடைந்துபோகாமல் மேலே வந்து சேரும் துண்டுகள் பெரும்பாலும் நன்கு இறுகிய பகுதிகளைச் சேர்ந்தவை; மிக நன்றாக நீர் விடும் தளர்வான மணலோ, விரிசல் விட்ட பகுதியோ முழுதாகக் கைக்கு வருவதில்லை.

உண்மையை அறிய ஒரே வழி, கிணற்றிலிருந்து நீரை எடுத்து, பிறகு நிறுத்தி, அழுத்தம் எப்படி மீள்கிறது என்பதை மணிக்கணக்கில் பதிவு செய்வது. அந்த மீட்சிக் கோட்டின் சாய்விலிருந்து ஊடுருவுதிறனும் கனமும் சேர்ந்த பெருக்கல் நேரடியாகக் கிடைக்கும். கூடவே ஓட்டமானியைக் கிணற்றுக்குள் இறக்கினால் எந்த மட்டத்திலிருந்து நீர் வருகிறது என்றும் தெரியும். பாரிஸின் டாகர் படுகையில் இப்படி அளந்தபோது, நூறு மீட்டருக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக்கல் அடுக்கில் சில மெல்லிய தளங்கள் மட்டுமே நீரைத் தருவது தெரியவந்தது. ஓட்டமானியின் பதிவுத்தாளில் அது படிக்கட்டு போலத் தோன்றும்: நீண்ட தூரம் நேராக நிற்கும் கோடு, நீர் நுழையும் இடத்தில் மட்டும் சட்டென்று பக்கவாட்டில் நகரும். ஆகவே கனம் என்று கணக்கில் போடும்போது முழு அடுக்கையும் போடாமல் நீர் தரும் பகுதியைப் போட வேண்டும்.

ஆழமாகப் போனால் இன்னும் சூடாக இருக்குமே, அங்கேயே தோண்டிவிடலாமே?

சூடு கூடும் என்பது உண்மை. கூடவே கல் இறுகும் என்பதும் உண்மை. மேலிருக்கும் அடுக்குகளின் பாரம் துகள்களை நெருக்குகிறது; வெப்பநிலை 70, 80 டிகிரியைத் தாண்டும்போது குவார்ட்ஸ் கரைந்து படிந்து துளைகளை அடைக்கத் தொடங்குகிறது; சில வகைக் களிமண் தாதுக்கள் மயிரிழை போல வளர்ந்து துளைகளின் வாய்களை மறிக்கின்றன. சூடான நீரின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தடிப்பு, குறைவு என்பதால் ஓரளவு ஈடு கிடைக்கும். ஆனால் ஊடுருவுதிறன் பத்து மடங்கு, நூறு மடங்கு விழும் இடத்தில் அந்த ஈடு போதாது.

மூனிக்குக்குத் தெற்கே கெரெட்ஸ்ரீட்டில் 2013இல் தோண்டிய ஆழமான கிணறு இதற்கு நல்ல சான்று. எதிர்பார்த்த வெப்பம் அங்கே இருந்தது. திட்டத்துக்குப் போதுமான நீர் வரவில்லை. உன்டர்ஹாகிங்கில் பெருகிய அதே மேல் ஜுராசிக் சுண்ணாம்புக்கல் அடுக்குதான் அங்கும் இலக்கு. மதிப்பீட்டாளர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய இணை இது.

வெப்பநிலையாவது துல்லியமாகத் தெரியுமா?

மற்ற அளவுகளைவிட நன்றாகத் தெரியும் என்பதே சரியான பதில். பழைய கிணறுகளின் பதிவுத்தாள் தலைப்பில் "அடிமட்ட வெப்பநிலை" என்று ஓர் எண் இருக்கும். தோண்டும்போது சுற்றிவந்த குளிர்ந்த சேற்றுநீர் கிணற்றுச் சுவரை ஆற்றிவிட்டிருப்பதால் அந்த எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். வெவ்வேறு நேரங்களில் எடுத்த அளவுகள் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 4 மணி நேரம் சேற்றுநீரைச் சுற்றவிட்டு நிறுத்திய பின், 6ஆவது மணியில் 68, 11ஆவது மணியில் 71.6, 19ஆவது மணியில் 73.7 டிகிரி என்று பதிவாகியிருக்கிறது எனக் கொள்வோம். சுற்றிய நேரத்தோடு காத்திருந்த நேரத்தைக் கூட்டி, காத்திருந்த நேரத்தால் வகுத்து, அதன் மடக்கைக்கு எதிராக இந்த வெப்பநிலைகளைக் குறித்தால் மூன்றும் ஒரே கோட்டில் அமையும். காத்திருப்பு எல்லையின்றி நீண்டால் என்ன என்று அந்தக் கோட்டை நீட்டினால் 77 டிகிரி வருகிறது. முதல் அளவை அப்படியே நம்பியிருந்தால் 9 டிகிரி இழந்திருப்போம்.

இதற்கு ஹார்னர் முறை என்று பெயர். இதுவும் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே மதிப்பிடும். நீரை எடுத்துச் சோதிக்கும்போது கிடைக்கும் வெப்பநிலையும், பல மாதங்கள் கிணறு அசையாமல் இருந்தபின் எடுக்கும் வெப்பநிலையும் இதைவிட நம்பகமானவை.

கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்று நேர்கோடாகக் கணக்குப் போட்டால் என்ன தவறு?

வெப்பம் ஒரே வேகத்தில் கீழிருந்து வந்தாலும், அதைக் கடத்துவதில் பாறைகள் வேறுபடுகின்றன. களிப்பாறையின் கடத்துத்திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு, 1 முதல் 2 வாட். மணற்கல் 2 முதல் 4. பாறை உப்பு 5க்கும் மேல். கடத்துத்திறன் குறைந்த களிப்பாறை மூடியாக இருந்தால் அதன் ஊடே வெப்பநிலை விரைந்து ஏறும். அதன் அடியிலுள்ள படுகை எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருக்கும். உப்புக் குவிமாடம் இருந்தால் அது புகைபோக்கி போல வெப்பத்தை மேலே கொண்டுவந்து, தன் தலைக்கு மேல் சூட்டையும் அடிவாரத்தில் குளிர்ச்சியையும் உண்டாக்கும். ஆகவே அடுக்கடுக்காகக் கணக்கிட்டால்தான் சரிவரும்.

எண்ணெய்க்காகத் தோண்டிய பழைய கிணறுகளின் தரவை நம்பலாமா?

நம்பலாம், அவை இல்லாவிட்டால் பல படுகைகளில் நமக்கு எதுவுமே தெரியாது. ஆனால் எண்ணெய் தேடுபவர்கள் பாறை அடுக்குகள் மேல்நோக்கி வளைந்த இடங்களைத் தேர்ந்தெடுத்துத் தோண்டினார்கள். அவர்களுக்கு வேண்டியிராத நீர்ப்படுகைகளில் சோதனை செய்யாமலே கடந்துபோனார்கள். வெந்நீருக்கு ஏற்ற, ஆழமான பள்ளப் பகுதிகளில் கிணறுகள் குறைவு. மேட்டில் அளந்த நுண்துளையைப் பள்ளத்துக்கு அப்படியே பரப்புவது வழக்கமான பிழை. நில அதிர்வலை ஆய்வு அடுக்கின் ஆழத்தையும் கனத்தையும் இடையே நிரப்பித் தரும், ஊடுருவுதிறனைச் சொல்லாது.

நீரில் உப்பு அதிகமாக இருந்தால் கணக்கு மாறுமா?

மாறும். வட ஜெர்மனியின் நாய்ஸ்டாட்-கிளேவேயில் ஏறத்தாழ 98 டிகிரியில் கிடைக்கும் நீரில் லிட்டருக்கு 200 கிராமுக்கும் மேல் உப்பு இருக்கிறது, கடல்நீரில் 35தான். (2003இல் ஜெர்மனியில் புவிவெப்பத்திலிருந்து முதன்முதலாக மின்சாரம் எடுத்த இடமும் இதுவே.) இத்தகைய உவர்நீர் கனமானது, ஆனால் ஒரு கிலோவுக்குத் தாங்கும் வெப்பம் குறைவு, இரண்டும் சேர்ந்து ஒரு கன மீட்டருக்கான வெப்ப ஏற்பு சில விழுக்காடுகளே குறைகிறது.

பெரிய மாற்றம் பாகுநிலையில்தான். உப்பு கூடினால் நீர் தடிப்பாகும். முன்பு சொன்ன அழுத்தக் கணக்கில் அது நேரடியாகச் சேரும். செலுத்துக் கிணற்றில் நீர் ஆறியிருப்பதால் இன்னும் தடிப்பு: நன்னீருக்கே 75 டிகிரியைவிட 35 டிகிரியில் பாகுநிலை கிட்டத்தட்ட இரு மடங்கு. எடுப்பதைவிடத் திரும்பச் செலுத்துவது கடினம் என்பதைப் பல மதிப்பீடுகள் மறந்துவிடுகின்றன. அழுத்தம் குறையும்போது கரைந்திருக்கும் வாயு குமிழிட்டுத் துளைகளை அடைப்பதும், ஆறும்போது தாதுக்கள் குழாயில் படிவதும் வெப்பக் கணக்கில் வராதவை; ஆனால் எத்தனை டிகிரி வரை நீரை ஆற்றலாம் என்பதை அவையே கட்டுப்படுத்துகின்றன.

ஆறிய நீரை அதே படுகையில் விட்டால் எடுக்கிற கிணறும் குளிர்ந்துவிடாதா?

ஒருநாள் குளிரத் தொடங்கும். எப்போது என்பதுதான் கேள்வி. இதற்கான எளிய வாய்பாட்டைக் கிரிங்கார்ட்டனும் சோட்டியும் 1975இல் தந்தார்கள். கிணறுகளின் இடைவெளியின் வர்க்கத்தைப் படுகையின் கனத்தால் பெருக்கி, மணிக்கான நீரோட்டத்தால் வகுத்து, படுகையின் வெப்ப ஏற்புக்கும் நீரின் வெப்ப ஏற்புக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, பிறகு பை (π) என்ற எண்ணின் மூன்றில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 1,300 மீட்டர், 50 மீட்டர், மணிக்கு 150 கன மீட்டர், 0.64 என்று போட்டால் 43 ஆண்டுகள் வருகின்றன. நீர் தரும் பகுதி உண்மையில் 20 மீட்டர்தான் என்றால் 17 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். ஓட்டமானியின் படிக்கட்டுக் கோடு இங்கே மீண்டும் முக்கியமாகிறது.

இந்த வாய்பாடு மேல், கீழ் அடுக்குகளிலிருந்து கடத்தலால் வந்துசேரும் வெப்பத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நீர் தரும் தளங்கள் மெல்லியவையாக இருக்கும்போது அந்த உதவி கணிசமானது. பாரிஸ் படுகையின் பெரும்பாலான இரட்டைக் கிணறுகளில் பல பத்தாண்டுகள் ஓடிய பிறகும் குறிப்பிடத்தக்க வெப்பநிலை இறக்கம் தென்படாததற்கு அதுவும் ஒரு காரணம். இறக்கம் தொடங்கினாலும் திட்டம் அன்றே முடிந்துவிடாது. வெப்பநிலை மெதுவாகவே குறையும்.

அப்படியானால் இதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று சொல்வது சரியா?

நேர்மையான கணக்கு இதுதான்: ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கீழிருந்து இயற்கையாக வரும் வெப்பம் 65 கிலோவாட், நாம் எடுப்பதாகக் கணக்கிட்டது 1.8 மெகாவாட், அதாவது சுமார் 28 மடங்கு. எனவே அந்த இடத்தைப் பொறுத்தவரை, சேமித்து வைத்த வெப்பத்தைத்தான் எடுத்துச் செலவிடுகிறோம். நிறுத்திவிட்டால் சுற்றியுள்ள பாறையிலிருந்து வெப்பம் வந்து நிரம்பும். அதற்கு எடுத்த காலத்தைவிட நீண்ட காலம் பிடிக்கும். படுகை பெரியது, கிணறுகளை இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அறிக்கையில் கால அளவு குறிப்பிடப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சதுர கிலோமீட்டருக்கு 1.8 மெகாவாட் என்கிறீர்கள், ஒரே கிணற்றுக்கு 6.8 என்றும் சொல்கிறீர்கள். முரணாக இருக்கிறதே?

முரண் இல்லை. அந்த 6.8 மெகாவாட்டை 30 ஆண்டுகள் இடைவிடாமல் எடுத்தால் சுமார் 3.7 சதுர கிலோமீட்டரின் மீட்கத்தக்க வெப்பம் செலவாகும் என்றுதான் இரண்டும் சேர்ந்து சொல்கின்றன. 1.3 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரட்டைக் கிணறு ஏறத்தாழ அவ்வளவு பரப்பைத்தான் ஆட்கொள்ளும். இந்த ஒத்துப்போதலைச் சரிபார்ப்பாகப் பயன்படுத்தலாம்: கிணறுவாரிக் கணக்கும் பரப்புவாரிக் கணக்கும் பல மடங்கு விலகினால் எங்கோ தவறு இருக்கிறது. சூடேற்றும் தேவை குளிர்காலத்தில் மட்டும் இருந்தால் ஓடும் மணிநேரம் குறைந்து, அதே பரப்பு இன்னும் நீண்ட காலம் தாங்கும்.

அறிக்கையில் பி90, பி50, பி10 என்று மூன்று எண்கள் போடுகிறார்களே, எதை எடுத்துக்கொள்வது?

உண்மை மதிப்பு அதைவிட அதிகமாக இருக்க 90 விழுக்காடு வாய்ப்புள்ள எண் பி90. எனவே அது மூன்றிலும் சிறியது. கடன் கொடுப்பவர் பி90ஐயும், வட்டார அளவில் திட்டமிடுபவர் பி50ஐயும் பார்ப்பது பொருத்தம். நெதர்லாந்தில் டிஎன்ஓ ஆய்வு நிறுவனம் வெளியிடும் தெர்மோஜிஐஎஸ் வரைபடங்கள் ஒவ்வோர் இடத்துக்கும் இப்படிப் பல நிகழ்தகவு நிலைகளைத் தருகின்றன. கனம், நுண்துளை, ஊடுருவுதிறன், வெப்பநிலை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பரவல்களை வைத்து, ஆயிரக்கணக்கான முறை தற்செயலாக எடுத்துக் கணக்கிடும் மான்டே கார்லோ முறையில் இவை கிடைக்கின்றன.

இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, ஒவ்வொரு அளவின் பி90ஐயும் பெருக்கி அதையே விடையின் பி90 என்று சொல்வது. ஒத்த அகலமுள்ள, ஒன்றையொன்று சாராத மூன்று அளவுகளை இப்படிப் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ பி99; தேவையில்லாத அளவுக்கு அஞ்சிய எண். இரண்டாவது இதற்கு நேர்மாறானது: நுண்துளையும் ஊடுருவுதிறனும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதை மறந்து, இரண்டையும் தனித்தனியாகக் குலுக்கி எடுப்பது. அப்படிச் செய்தால் பரவல் செயற்கையாகக் குறுகி, நிச்சயம் இருப்பதைவிட அதிகமாகத் தோன்றும்.

ஒரே படுகைக்கு இரண்டு அறிக்கைகள் பத்து மடங்கு வேறுபடுகின்றனவே, யார் சொல்வது சரி?

பெரும்பாலும் இருவரும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்லியிருப்பார்கள். ஒருவர் மொத்த வெப்பத்தையும் மற்றவர் மீட்கத்தக்க வெப்பத்தையும் சொல்லியிருந்தால் அதிலேயே நான்கைந்து மடங்கு போய்விடும். அடிப்படை வெப்பநிலை என்ன, திரும்பச் செலுத்தும் வெப்பநிலை என்ன, கனம் என்பது முழு அடுக்கா, நீர் தரும் பகுதியா, எத்தனை ஆண்டுகள், ஊடுருவுதிறனுக்குக் கீழ்வரம்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்ன வரம்பை வைக்காமல் முப்பது மில்லிடார்சிப் பாறையையும் வளத்தில் சேர்த்துக்கொள்வதே மிகப் பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் என்பது என் அனுபவம்.

ஐக்கிய நாடுகள் அவையின் வளப் பாகுபாட்டுச் சட்டகம் 2016இல் புவிவெப்பத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பொருளாதார நிலை, திட்டத்தின் முதிர்ச்சி, புவியியல் அறிவின் உறுதி என்ற மூன்று அச்சுகளில் ஒவ்வோர் எண்ணையும் அது நிறுத்துகிறது. அந்த இடக்குறியீடு அறிக்கையில் இருந்தால் ஒப்பிடுவது எளிது.

முதல் கிணறு தோண்டும்வரை இதெல்லாம் வெறும் ஊகம்தானா?

ஊகம் அல்ல, ஆனால் எல்லா அளவுகளும் ஒரே தரத்தில் இல்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகள் இருக்கும் படுகையில் வெப்பநிலையைச் சில டிகிரிக்குள்ளும், அடுக்கின் ஆழத்தைச் சில பத்து மீட்டருக்குள்ளும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம். நீரோட்டத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. பி90க்கும் பி10க்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் இருப்பது இயல்பு. ஆகவேதான் முதல் கிணற்றில் நீண்டநேர நீரெடுப்புச் சோதனையை முடித்து, இரண்டாவது கிணற்றின் இடத்தையும் இடைவெளியையும் அதன் முடிவைக் கொண்டே உறுதிசெய்ய வேண்டும். சோதனை முடிந்த நாளில், மேலே சொன்ன 300க்கும் 30க்கும் இடையில் உங்கள் படுகை எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். 1.3 கிலோமீட்டர் என்ற இடைவெளியையும் 43 ஆண்டு என்ற கணக்கையும் அன்று புதிய எண்களோடு மறுபடி போட்டுப் பாருங்கள்.